டெனிஷ் சேமக்காலையை நான் துப்புரவாக்கிய கதை

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற தாய்க்கு அது தேவையில்லை, துணிச்சல் இருந்தால் காணும், அதுவே போதும். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்றால், ஒன்றும் தெரியாததிலிருந்துதான் வருகிறது. எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கில் என்னிடம் இருந்த துணிச்சலை யாராவது அளந்து பார்த்திருந்தால், எனக்கு எவ்வளவு தெரியாது என்பது அவருக்கு உடனே விளங்கியிருக்கும். (அப்படி அளக்க வந்த ஒரேயொரு ஆளைப் பற்றியதுதான் இந்தக் கதை.)

இக்காஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். என் கணவர் துணி ஆலையில் ஷிப்ட் வேலை. மகள் ஜெசிந்தாவுக்கு அப்போது ஒன்பது வயது, மகன் அன்ரனுக்கு ஏழு. இரண்டு பேரும் ஒரு வருடம் டெனிஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பாஷை அவர்கள் வாயில் வெண்ணெய் மாதிரி உருகி இறங்கியது. எனக்கோ அது தொண்டையில் சிக்கின மீன்முள். ஒருநாள் இரவுச் செபத்தில் அன்ரன் பரலோக மந்திரத்தைத் தமிழில் தொடங்கி, நடுவில் டெனிஷுக்குத் தாவி, ஆமெனில்தான் திரும்பத் தமிழுக்கு வந்து சேர்ந்தான். ஆமென் இரண்டு பாஷையிலும் ஒன்று என்பதால் அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்கு நித்திரை இல்லை.

அந்த ஞாயிறு கோயிலில், ஆறு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிப்பிக்கிற ஒரு டெனிஷ் கத்தோலிக்கத் தாயைச் சந்தித்தேன். இந்த நாட்டுச் சட்டம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, எங்கே இருந்து படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்றா. எனக்கு அது கபிரியேல் சம்மனசு வானத்திலிருந்து இறங்கி வந்து சொன்ன மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் எங்கள் குசினி மேசை பள்ளிக்கூடமாகிவிட்டது.

ஊராருக்கு நான் சொன்ன காரணம் தமிழும் வேதமும். அது உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. என் கணவர் வேலைக்குப் போய், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால், எனக்குக் கதைக்க ஆளில்லை. சுவருடன் கதைத்துப் பார்த்தேன். டெனிஷ் சுவர், அதுவும் அளந்துதான் பதில் சொன்னது.

வீட்டில் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துவர கொம்யூன், அதாவது அந்த ஊர் நகரசபை, ஒரு ஆளை அனுப்பும். எங்களுக்கு வந்தவர் கியர்ஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. நெடிய உருவம், கட்டையாக வெட்டின நரைமுடி, தேவையில்லாமல் ஒரு சொல் பேசாத வாய். முதல்தரம் வசந்த காலத்தில் வந்தார். டெனிஷ் நல்லது என்றார். கணக்கு வயதுக்கு மிஞ்சினது என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே காட்டி, அது என்ன மரம் என்று அன்ரனிடம் கேட்டார்.

அன்ரன் நல்லாகப் பார்த்துவிட்டு, "பெரிய மரம்" என்றான்.

வேறு ஏதாவது மரத்தைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். அவனுக்குத் தெரிந்திருந்தது. பனையின் பயன்களை, பனங்கிழங்கு, ஒடியல், பினாட்டு என்று ஒன்றும் விடாமல், வாயால் மொழிபெயர்க்க முடியாததைக் கையால் காட்டி முடித்தான். நான் பெருமையில் பூரித்துப்போய் நின்றேன். கியர்ஸ்டன் முழுவதையும் கேட்டார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னார், அவள் எனக்குச் சொன்னாள்:

"அம்மா, அவ இலையுதிர்காலம் முடியேக்கை திரும்ப வருவாவாம். நாங்கள் இருக்கிற இடத்தைப் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியாட்டி, நத்தாருக்குப் பிறகு பள்ளிக்கூடம்தானாம்."

கிறிஸ்துமசுக்குள் ஊரைப் படித்து முடித்தாக வேண்டும். எங்கள் வீட்டு இலையுதிர்காலம் அப்படித்தான் தொடங்கியது. ஒரு மரத்தையும் விடவில்லை. மழை பக்கவாட்டில் அடித்தாலும் வெளியே இறங்கினோம். கெட்ட காலநிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்று டெனிஷ்காரர் சொல்வார்கள். (எங்களிடம் இரண்டும் இருந்தது.) வீட்டு வாசல்களில் பெட்டியோடு வைத்து, வேண்டியவர் எடுக்கலாம் என்று விட்டிருந்த அப்பிள்களைப் பொறுக்கி ஜாம் காய்ச்சினோம். இயந்திரம் போன வயலில் மிஞ்சிக் கிடந்த உருளைக்கிழங்கைக் கமக்காரரிடம் கேட்டுக் கிண்டினோம். பளபளவென்று கபில நிறத்தில் கொட்டிக் கிடந்த கஸ்தானிய மரத்துக் காய்களில் பிள்ளைகள் நெருப்புக்குச்சி குத்திக் குதிரையும் பன்றியும் செய்தார்கள். நான் அதைக் கறிவைக்கத் தண்ணீர் கொதிக்கவிட்ட நேரம் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அடுப்பை அணைத்தா. அது தின்னக்கூடாத சாதியாம். சரி, தின்ன முடியாவிட்டால் செபிக்கலாம் என்று, அதைத் துளைத்துக் கோத்து ஒரு செபமாலை செய்தேன். மாட்டுக்கு மாட்டலாம், அவ்வளவு பெரியது. ஒக்டோபர் முடிவதற்குள் மணியெல்லாம் சுருங்கி, செபமாலைக்கு வயதுபோய்விட்டது.

ஆனாலும் அது சந்தோஷமான காலம். நவம்பரில் அர்ச்சிஷ்ட மார்ட்டீன் என்ற புனிதரின் திருநாளுக்கு ஊரே தாரா வாத்துப் பொரித்துச் சாப்பிட்டது. கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த லூத்தரின் ஆட்கள் எங்கள் அர்ச்சிஷ்டவருக்காகத் தாரா சாப்பிடுகிறார்கள் என்றதும், திருச்சபைப் பிளவில் பாதி சரிக்கட்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மிச்சப் பாதியை அடுத்த கிழமை நானே சரிக்கட்டப் போனேன்.

நவம்பர், செத்த ஆத்துமாக்களுக்காகச் செபிக்கிற மாதம். நாங்கள் விட்டுவந்த ஊரில் அந்த நாட்களில் சேமக்காலைக்குப் போய், புல்லுப் பிடுங்கி, கல்லறைகளைக் கழுவி, வெள்ளை அடித்து, மெழுகுதிரி கொளுத்திவைப்போம். செத்தவர்களின் கல்லறையில் ஒரு சருகு கிடந்தால் அது உயிரோடிருக்கிற சொந்தக்காரருக்கு மானக்கேடு. அந்த வருடம் அங்கே சண்டை; எங்கள் சேமக்காலைப் பக்கம் ஆமி, அதாவது இராணுவம், நின்றது. என் தகப்பன், ஐயாவின் கல்லறைக்கு ஒரு திரி வைக்கவும் ஆளில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கியர்ஸ்டன் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளி இரவு ஒரு புயல் அடித்தது. சனிக்கிழமை காலை பிள்ளைகளோடு ஊர்ச் சேமக்காலைப் பக்கமாக நடந்தேன். வேலிக்கு மேலாகப் பார்த்தேன். ஒரு முழு வரிசைக் கல்லறைகள், அவ்வளவுக்கு மேலும் ஊசியிலைக் கிளைகள். புயல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது, கேட்க நாதியில்லை. பாவம், இந்த லூத்தரின் ஆட்கள் செத்தவர்களுக்காகச் செபிப்பதில்லை, அதுதான் இந்தக் கதி என்று என் மனம் இரங்கியது. (அவர்கள் மேல் எனக்கு இரக்கம் வந்ததைத்தான் இப்போது நினைத்தாலும் பொறுக்க முடியவில்லை.)

"வாங்கோ பிள்ளையள், துப்புரவாக்குவம்" என்றேன்.

ஜெசிந்தா அசையவில்லை. "அம்மா, இது ஆரோ வைச்ச மாதிரிக் கிடக்கு."

"காத்து வைச்சது, பிள்ளை."

"காத்து இப்பிடி மீன் செதில் மாதிரி அடுக்குமோ? எல்லாம் ஒரே நீளம்."

"இது டென்மார்க்கடி. இஞ்ச காத்தும் ஒழுங்காத்தான் அடிக்கும்."

அதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. மெய்யாகவே நம்பினேன். பஸ் நிமிடம் தவறாமல் வருகிற நாட்டில் புயல் மட்டும் கண்டபடி அடிக்குமா என்பது என் நியாயம்.

மூன்று பேருமாகச் சேர்ந்து வரிசையைக் கறுப்பு மண் தெரியக் கூட்டினோம். பாசி ஒட்டிவைத்திருந்த இடங்களையும் சுரண்டினேன். ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு மெழுகுதிரி வைத்து, நித்திய இளைப்பாற்றி செபத்தைச் சொன்னோம். கிளைகளை எறிய மனம் வரவில்லை. பச்சைப்பசேலென்று, என்ன வாசம். சாமான் வாங்கப் போகும் பழைய தள்ளுவண்டியில் குவித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கியர்ஸ்டன் வருகிறபோது வீடே ஒரு இயற்கைப் பாடமாக இருக்கட்டும் என்று நிலை, யன்னல், அலுமாரி எல்லாம் கிளை செருகினேன். வெள்ளி பூசின மாதிரி நீலமாக மினுங்கின கிளைகள் கொஞ்சம் இருந்தன. அதுதான் எல்லாவற்றிலும் வடிவு. அதைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு மேலே வைத்தேன்.

பின்னேரம் வேலையால் வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதென்ன, வீட்டுக்கை காடு?"

"இயற்கைப் பாடம்."

"உமக்கு ஆர் தந்தது?"

"ஆண்டவர் தந்தவர். புயல்லை விழுந்தது."

"ஆண்டவர் கத்தரிக்கோலாலை வெட்டியோ தந்தவர்?" என்று ஒரு கிளையின் அடியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அவர் சாப்பிடப் போனார். ஆலையில் கத்தரிக்கோலோடு வேலை செய்கிற மனிசனுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் என்று நான் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை கியர்ஸ்டன் வந்தார். உள்ளே வந்ததும் மூச்சை இழுத்து வாசம் பிடித்தார். கோப்பி கொடுத்தேன். பிள்ளைகள் பாடத்தைப் பொரிந்து தள்ளினார்கள். பீச் மரம், ஓக் மரம், எந்தக் காய் தின்னலாம், எந்தக் காயைத் தின்னப்போய் அம்மா தடுக்கப்பட்டா என்பது வரைக்கும் சொன்னார்கள். கியர்ஸ்டனின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு அரும்பிவிட்டது. வென்றாயிற்று என்று நான் இரண்டாவது கோப்பி வார்த்தேன்.

அப்போது அவர் கண் திருஇருதயப் படத்தில் போய் நின்றது. வெகுநேரம் நின்றது. பக்தி உண்டாகிறது என்று நான் நினைத்தேன்.

அவர் கோப்பையை வைத்துவிட்டு, மெதுவாக, என்னைப் பார்த்து ஏதோ பேசத் தொடங்கினார். எனக்கு விளங்காதபோதெல்லாம் நான் செய்கிற ஒரு வேலை உண்டு: முகம் முழுக்கச் சிரித்து, தலையை ஆட்டி, "யா, யா" என்பேன். அன்றைக்கும் செய்தேன். அவர் கையை நீட்டி அந்த வெள்ளிக் கிளையைக் காட்டினார். நான் இன்னும் பெரிதாகச் சிரித்தேன்.

"அம்மா, சிரியாதேங்கோ" என்றாள் ஜெசிந்தா.

"ஏன், பிள்ளை?"

"நேற்றுக் கோயில் முடிஞ்சு அவ தன்ர மனுசன்ர குழியைப் பாக்கப் போனவவாம். அது வெறும் மண்ணாக் கிடந்ததாம். அந்த வெள்ளிக் கிளை அவவின்ர வளவு மரத்திலை வெட்டினதாம். இந்த ஊரிலை வேறை ஆரிட்டையும் அந்த மரம் இல்லையாம். குளிர் வர முந்தி எல்லாக் குழியளையும் கிளையாலை போத்து விடுறது இஞ்சத்தை வழக்கமாம்."

பிறகு தன் சொந்தச் சொல்லாகச் சொன்னாள்:

"அம்மா, நாங்கள் செத்த ஆக்களின்ர போர்வையை இழுத்துக்கொண்டு வந்திட்டம்."

அன்ரனுக்கு மட்டும் இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவன் கதிரையில் ஏறி நின்று, நாங்கள்தான் கூட்டினோம், முழு வரிசையும், என்று டெனிஷில் பெருமையாக அறிவித்தான்.

பூமி பிளந்து விழுங்கட்டும் என்று சொல்வார்களே, அது கேட்டால் நடக்கிற காரியமில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மன்னிப்புச் சொல் ஒன்றுதான். அதை மன்றாட்டுமாலை மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிளையைப் பிடுங்கப் பாய்ந்தேன். கிளையோடு ஆண்டவர் படமும் சரிந்தது. கியர்ஸ்டன்தான் எட்டிப் பிடித்து, நேராக்கி, ஒரு அடி பின்னால் போய் நேராக இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு மேற்சட்டையை எடுத்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். நத்தாருக்குப் பிறகு இந்த மேசையில் நானும் சுவரும்தான்.

"எல்லாரையும் சப்பாத்துப் போடட்டாம்" என்றாள் ஜெசிந்தா. "எல்லாக் கிளையும் எடுக்கட்டாம். ஒண்டும் மிச்சம் விடக்கூடாதாம்."

அதன் பிறகு ஊரின் பெரிய தெருவால் நாங்கள் போன போக்கை நான் மறந்தாலும் அந்தத் தெரு மறக்காது. முன்னே கியர்ஸ்டன், நிமிர்ந்த நடை. பின்னே தள்ளுவண்டி, அதற்குமேல் கோபுரம் மாதிரிக் கிளைகள். வண்டியைத் தள்ளிக்கொண்டு சேலைக்கு மேல் என் கணவரின் ஆலை ஜக்கெட் போட்ட நான். இரண்டு பக்கமும் கைநிறையக் கிளையோடு பிள்ளைகள். பேக்கரிக்காரி கண்ணாடிக்குள்ளே பாணை வெட்டாமல் நின்றா. நற்கருணைப் பவனிக்குக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதையாக ஒதுங்க மாட்டார்கள்.

"அம்மா, பாட்டுப் படிப்பமோ?" என்றான் அன்ரன்.

"வாயை மூடடா, ராசா."

சேமக்காலையில் குழிவெட்டுகிற அக்செல் நின்றார். கிளை அடுக்கியதும் அவர்தான்; முந்தின கிழமை முழுவதும் அந்த ஒரு வரிசைக்காக முழங்காலில் நின்றிருக்கிறார். அவர் தள்ளுவண்டியைப் பார்த்தார். மொட்டையாகக் கிடந்த வரிசையைப் பார்த்தார். என் மெழுகுதிரிக் கட்டைகளைப் பார்த்தார். எங்கள் பகுதி யூலாந்துக்காரர் வாயைத் திறக்க ஒரு பருவம் போக வேண்டும். கடைசியில் ஒரு வசனம் வந்தது.

"என்ன சொல்லுறார்?" என்று பயந்து கேட்டேன்.

"சுத்தமாத்தான் கூட்டியிருக்கிறாவாம்" என்றாள் ஜெசிந்தா.

அது பாராட்டா ஏச்சா என்று இன்றைக்கும் எங்களுக்குள் ஒரு முடிவில்லை.

ஈரமண்ணில் எல்லோரும் முழங்காலில் இறங்கினோம். நான் ஒரு கிளையை வைத்தேன். அக்செல் அதை எடுத்து, மற்றப் பக்கம் திருப்பி வைத்தார். இன்னொன்று வைத்தேன். அதையும் திருப்பினார். வெட்டின அடி தெரியக்கூடாது, அடுத்த கிளையின் நுனி அதை மூட வேண்டும், இதுதான் விஷயம். பிள்ளைகளுக்கு இரண்டே தரத்தில் பிடிபட்டது. எனக்குப் பிடிபட்டபோது அக்செல் திருப்பித் திருப்பிக் களைத்துவிட்டார்.

கியர்ஸ்டன் தன் கணவரின் குழியில் வெள்ளிக் கிளைகளை அடுக்கினார். ஜெசிந்தா எடுத்துக் கொடுத்தாள். நடுவே என் மெழுகுதிரிக் கட்டையைக் காட்டி, இது எதற்கு என்று அவர் கேட்டார். ஜெசிந்தா டெனிஷில் நிறையச் சொன்னாள். இடையில் ஐயாவின் பெயர் கேட்டது. ஆமி என்ற சொல் கேட்டது. அதற்குமேல் எனக்கு விளங்கவில்லை. இந்தத் தரம் நான் சிரிக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை.

கியர்ஸ்டன் அந்தக் கட்டையை எடுக்கவில்லை. அதைச் சுற்றிக் கிளைகளை அடுக்கி, திரி மட்டும் வெளியே தெரியும்படி விட்டார்.

எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் தீர்ப்பைச் சொன்னார். ஜெசிந்தா முதலில் தனக்குள் சிரித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள்.

"எங்களுக்குத் தெரிஞ்சது காணுமாம், அம்மா. வீட்டிலையே படிக்கலாமாம்."

"ஆண்டவரே, உமக்குத் தோத்திரம்."

"பொறுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்சதுதான் காணாதாம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீங்கள் அவவின்ர வீட்டை படிக்கப் போகவேணுமாம்."

அன்றிரவு எல்லாவற்றையும் கேட்ட என் கணவர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, "ஊரிலை உயிரோடை இருக்கிறவங்கள் கலைச்சாங்கள் எண்டு இஞ்ச ஓடி வந்தம். இனிச் செத்தவங்களும் கலைக்கப் போறாங்கள், பிலோ" என்று என் பெயரை இழுத்துச் சொன்னார். அவருடைய ஆலைக்கும் அதற்குள்ளேயே செய்தி போயிருந்தது. ஒரு கிழமைக்கு அவருடைய மேசையில் யாரோ ஒவ்வொரு காலையும் ஒரு சின்னக் கிளை வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமைகளில் கியர்ஸ்டன் வீட்டுக்குப் போனேன். முதல் மாதம் நான் சிரித்துத் தலையாட்டினால் அவர் மேசையைத் தட்டுவார்: விளங்கினதா, விளங்கவில்லையா, ஒன்றைச் சொல். பிறகு பிறகு நான் பேசத் தொடங்கினேன். அதற்குப் பிறகு அவருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, பிள்ளைகள் தாங்களாகவே பள்ளிக்கூடம் போகப் போகிறோம் என்று கேட்டபோது, நான் மறிக்கவில்லை. அதற்குள் எனக்கு ஊரில் பாதிப் பேரோடு கதை இருந்தது. பேக்கரிக்காரியோடு மட்டும் ஒரு மணித்தியாலம்.

ஒவ்வொரு நவம்பரும் அக்செல் தொலைபேசியில் கூப்பிடுவார். பெயர் சொல்ல மாட்டார், சுகம் கேட்க மாட்டார். "கிளை போட்டிருக்கிறேன். அது குப்பையில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நாங்கள் நால்வரும் அடுத்த வரிசைக்கு உதவப் போவோம். இப்போது இரண்டு பேரும் அந்தச் சேமக்காலையில்தான்; அவருக்கு மேலேயும் கியர்ஸ்டனுக்கு மேலேயும் நாங்கள்தான் அடுக்குகிறோம். வெள்ளிக் கிளை கியர்ஸ்டனுக்கு, நடுவில் ஒரு திரி வெளியே தெரிய. மற்றது அக்செலுக்கு, வெட்டின அடி தெரியாமல்.

போன நவம்பரும் போனோம். ஜெசிந்தாவின் பிள்ளைகள் கிளை எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஒன்றை வைத்தேன். ஜெசிந்தா அதை மற்றப் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, மிகவும் கவலையான முகத்தோடு, வருடாவருடம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்:

"அம்மா, நாளைக்கு உங்களுக்கு மேலையும் இப்பிடி அடுக்கலாமோ? இல்லாட்டி எழும்பி, எல்லாத்தையும் கூட்டி அள்ளிக்கொண்டு வீட்டை வந்திடுவியளோ?"

"அடுக்கிப் பார், பிறகு தெரியும்" என்றேன்.